அந்த அறையில் மூன்று பேர்

கோம்ப் ஃபெரின்,
20 அக்டோபர் 1789

அன்புள்ள தம்பி சைலஸ்,

நீயும் ரூத்தும் சுகமா? ரூத்தின் இருமல் குறைந்ததா? உன் அத்தான் ஆம்ப்ரோஸுக்கு நெஞ்சில் சளி. அதோடுதான் பிரசங்கம் செய்கிறார். எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை.

மனதில் இருப்பதை உன்னிடம் கொட்டாவிட்டால் வேறு யாரிடம் கொட்டுவது? ஜேபஸ் பிக்கிளை உனக்குத் தெரியாது. படகு கட்டுகிறவரின் மகன், நம் அப்பாவைப் போல அரசாங்கத் திருச்சபையில் சேராத ஜெபவீட்டுக்காரர். துறைமுகத்தில் கப்பல் சரக்கைச் சோதிக்கும் சுங்க வேலை, அரசாங்க வேலை, அவருக்குக் கிடைத்திருக்கிறது. வேலை நிலைக்க வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எங்கள் கோயிலில் முழந்தாளிட்டுத் திருவிருந்து எடுக்க வேண்டும். எடுத்தார் என்று குருவும் சபைக் காப்பாளரும் கையெழுத்திட்ட சான்றிதழைக் காட்ட வேண்டும். சட்டம் தெரிந்த உனக்கு இதை ஏன் சொல்கிறேன்! நடந்ததைச் சொல்கிறேன்.

சனிக்கிழமை மாலை ஹாலெட் ஒரு முயலோடு வீட்டுக்கு வந்தார். ஊருக்கு மாஜிஸ்திரேட்டும் அவர்தான், சபைக் காப்பாளரும் அவர்தான். ஜேபஸ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னறை வாசலில் நின்றார், மறுநாள் எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்க.

ஹாலெட் சொன்னார்: "நாளைக்கு என் வீட்ல விருந்து, பாதிரியாரே. கோயில் முடிஞ்சதும் பேனாவைத் தேடிக்கிட்டு நிக்க என்னால முடியாது. இப்பவே போட்டுடுவோம்."

"இன்னும் எடுக்கலையே?" என்றார் ஆம்ப்ரோஸ்.

"நாளைக்கு எடுக்கப்போறான். எடுக்காம எங்க போவான்? நாலு பிள்ளைங்க வீட்ல வாயைத் திறந்துக்கிட்டு இருக்கு."

என் கணவர் கையெழுத்துப் போட்டார். "பக்தியோடு எடுத்துக்கொண்டார்" என்று எழுதிய தாளில், எடுப்பதற்கு ஒரு நாள் முன்பே.

ஞாயிற்றுக்கிழமை ஜேபஸ் பீடத்துக்கு வந்தார். கை நடுங்கி, பாத்திரம் சாய்ந்து, ஒயின் தாடியில் வழிந்தது. முதல் வரிசையிலிருந்து ஹாலெட் எல்லார் காதிலும் விழும்படி, "நல்லா மடக்குன்னு குடிடா ஜேபஸ், ராஜா குடுக்கிற சம்பளம் அடியிலதான் கிடக்கு!" என்றார். கோயில் சிரித்தது. ஆம்ப்ரோஸ் சிரிக்கவில்லை, ஆனால் வாயையும் திறக்கவில்லை. பிறகு நான் வெளியே வந்தபோது ஜேபஸ் கல்லறைச் சுவருக்குப் பின்னால் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

கிறிஸ்துவின் மேசையைச் சுங்கச்சாவடி வாசலாக்கிவிட்டார்கள், சைலஸ். உள்ளே நுழைய ஒரு மடக்கு கட்டணம். இந்தச் சட்டத்தை எழுதியவர்களும் சரி, அதைத் தாங்கிப் பிடிக்கும் பேராயர்களும் சரி, அந்தச் சுவருக்குப் பின்னால் ஒரு தடவை வந்து நின்று பார்க்கட்டும்.

ரூத்துக்குத் தேனும் மிளகும் கொடு. ஆண்டவர் உங்களைக் காக்கட்டும்.

உன் அக்கா,
டாமரிஸ்

*

லண்டன்,
9 நவம்பர் 1789

அன்புள்ள அக்கா,

ரூத் தேறிவிட்டாள். நீ சொன்ன கைவைத்தியத்தைக் கேட்டு வாங்கிக் குடித்தாள். அத்தானின் சளி எப்படி இருக்கிறது? இத்துடன் கால் பவுண்டு தேயிலை அனுப்பியிருக்கிறேன்.

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். எங்கள் தெருவில் என்னுடையதையும் சேர்த்துப் பத்து அச்சகம் இருக்கிறது. அந்தச் சட்டத்தை எதிர்த்து வாரத்துக்கு மூன்று பிரசுரம் வருகிறது. ஆதரித்து நாலு வருகிறது. எல்லாம் லத்தீன் மேற்கோள், எல்லாம் கொட்டாவி. அதை நீக்குவதா என்று மார்ச் மாதம் நாடாளுமன்றத்தில் மறுபடி வாக்கெடுப்பு. அதை நீக்கப் போராடும் எங்கள் கமிட்டிப் பெரியவர்களுக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா இருந்திருந்தால், நீ கோயில்காரரைக் கட்டிக்கொண்டதையே மன்னித்திருப்பார்.

அக்கா, நீ இன்னும் இப்படி எழுத வேண்டும். தேதி, இடம், யார் என்ன சொன்னார்கள், எல்லாம் அப்படியே. இங்கே வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, இப்போதைக்கு இவ்வளவுதான்.

உன் நலம் விரும்பும் தம்பி,
சைலஸ்

*

கோம்ப் ஃபெரின்,
1 டிசம்பர் 1789

சைலஸ்,

நலம். நீங்களும் நலம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நேற்று ஹாலெட் விடுதியில் நாற்பது பேருக்கு நடுவில் ஒரு பிரசுரத்தை உரக்கப் படித்தாராம். சாயங்காலம் அதை எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து மேசையில் வீசினார். "ஒரு கனவான் தன் நண்பருக்கு எழுதிய கடிதம்" என்று தலைப்பு. உள்ளே என் முயல், என் முன்னறை, என் சுவர். என் வாக்கியங்கள்!

பெயர்களை மறைத்துவிட்டோம் என்று உன் மனதுக்குள் ஒரு நிம்மதி இருக்கும். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் போட்டு நடுவில் ஒரு கோடு. கோம்ப் ஃபெரினில் எத்தனை ஜேபஸ் பிக்கிள் துறைமுகத்தில் வேலை பார்க்கிறார்கள்? ஹாலெட் அந்தக் கோடுகளில் நிறுத்தி நிறுத்தி, ஊர்க்காரர்களைக் கொண்டே பெயரைச் சொல்ல வைத்தாராம். குழந்தைகளுக்கு விடுகதை போடுவது போல.

அதுகூடப் போகட்டும். பதினோராம் பக்கத்தில், உதவிக் குரு "மது வாடையோடு பீடத்தில் தள்ளாடினார்" என்று இருக்கிறதே, அதை எழுதியது யார்? நான் எழுதவில்லை. ஆம்ப்ரோஸ் ஞாயிறு காலையில் தண்ணீர்கூடக் குடிக்காமல் பீடம் ஏறுகிறவர். அவர் கோழை என்று நான் சொல்லலாம், நான் அவர் மனைவி. அவரைக் குடிகாரர் என்று சொல்ல நீ யார்?

உனக்கு எழுத்து கற்றுக்கொடுத்தது நான். அப்போதே அந்த விரலைத் தட்டியிருக்க வேண்டும்.

டாமரிஸ்

*

லண்டன்,
14 டிசம்பர் 1789

அன்புள்ள அக்கா,

ரூத் உனக்கு அன்பு சொல்கிறாள். உன் கோபம் நியாயம், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் கேள். முதல் பதிப்பு ஒன்பது நாளில் தீர்ந்தது. மூன்றாவது ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் அதைக் கையில் வைத்திருந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். உன்னைக் கேட்டிருந்தால் நீ மாட்டேன் என்றிருப்பாய். அதனால் கேட்கவில்லை. தலைப்புப் பக்கத்தில் என் அச்சகத்தின் பெயர்கூட இல்லை. யாரும் உன்னை நெருங்க முடியாது. எழுதியவர் பெயரைச் சொல்லாதது எங்கள் தொழிலின் முதல் ஒழுக்கம்.

பதினோராம் பக்கம் கமிட்டியில் ஒருவர் சேர்த்தது. கடையில் விற்கக் கொஞ்சம் மசாலா வேண்டும் என்றார். நான் தடுத்திருக்க வேண்டும். அடுத்த பதிப்பில் எடுத்துவிடுகிறேன், அச்செழுத்துகளை மறுபடி கோக்க நேர்ந்தால்.

இந்தச் சட்டத்தால் நூறு வருஷமாக ஆயிரம் ஜேபஸ்கள் முழந்தாளிட்டிருக்கிறார்கள். ஒருவருக்கு வெட்கம் வந்தால் ஆயிரம் பேருக்கு விடிவு வரும். அதை யோசி.

உன் தம்பி,
சைலஸ்

*

கோம்ப் ஃபெரின்,
29 டிசம்பர் 1789

சைலஸ்,

பண்டிகை இங்கே எப்படிப் போயிற்று என்று கேட்காதே. ரூத் நலமாக இருக்கட்டும்.

இருபத்திரண்டாம் தேதி ஜேபஸைக் கைது செய்து மாவட்டச் சிறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பேராயரின் அரண்மனையிலிருந்து டாக்டர் லவிபாண்ட் என்பவர் வந்திருந்தார். சனிக்கிழமைக் கையெழுத்து விஷயம்தான் அவர்களைச் சுடுகிறது. அது வெளியே எப்படிப் போனது? எங்கள் முன்னறையில் உட்கார்ந்தே ஹாலெட் கணக்குப் போட்டார்: "அந்த அறையில மூணு பேர் இருந்தோம். நான் சொல்லல. பாதிரியார் சொல்லல. மிச்சம் யாரு?"

நான் அப்போது அவர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன், நீ அனுப்பிய தேயிலை. அந்தச் சனிக்கிழமை மெழுகு தாளில் சொட்டாதபடி மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு நின்றதும் நான்தான். நாற்காலியை எண்ணுவார்களா என்ன? என்னையும் எண்ணவில்லை.

சிறைக்குக் கொண்டுபோகும் முன் ஜேபஸை அங்கேயே அழைத்து ஹாலெட் விசாரித்தார்.

"யார்கிட்டடா சொன்னே?"

"யார்கிட்டயும் சொல்லல ஐயா. சொல்றதுக்கு அது என்ன பெருமையா?"

"எழுதினவன் பேரைச் சொல்லு, இப்பவே வீட்டுக்குப் போ."

"தெரிஞ்சாத்தானே ஐயா சொல்ல?"

"தெரியாதாம்! லண்டன்ல இருக்கிற எவனோ உன் வாந்தியைக் கனவுல பார்த்தானாக்கும்!"

அவதூறுக்கு உடந்தை என்று வழக்கு. மார்ச் மாத நீதிமன்றம்வரை உள்ளே. போன குளிர்காலத்தில் அந்தச் சிறையில் காய்ச்சலில் ஆறு பேர் செத்தார்கள். அவர் மனைவி ஹானா கோயில் வாசலில் என்னைப் பார்த்துக் கும்பிட்டுச் சொன்னாள், "நீங்களாவது பாதிரியார்கிட்டே ரெண்டு வார்த்தை சொல்லுங்கம்மா." நான் தலையாட்டினேன்.

நீ உடனே ஒரு காரியம் செய். அச்சிட்டவன் நான், எழுதியது கோம்ப் ஃபெரின் உதவிக் குருவின் மனைவி, ஜேபஸ் பிக்கிளுக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிக் கையெழுத்திட்டு மாவட்ட நீதிமன்றத்துக்கு அனுப்பு. அது வந்தால் அவரை விட்டுவிடுவார்கள். என்னைப் பற்றிக் கவலைப்படாதே.

டாமரிஸ்

*

கோம்ப் ஃபெரின் குருமனை,
11 ஜனவரி 1790

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் இல்லத்தார் அனைவரும் கர்த்தரின் கிருபையால் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். என் சளி சற்றுக் குறைந்துள்ளது. தங்கள் சகோதரி வீட்டு வேலைகளில் எப்போதும்போல் சோர்வின்றி இருக்கிறாள்; சில நாட்களாகப் பேச்சு மட்டும் குறைவு.

நாம் இருவரும் வேறு வேறு சபையைச் சேர்ந்தவர்கள். ஆனாலும் தாங்கள் நேர்மையான மனிதர் என்பதால் ஓர் உதவி கேட்கிறேன். என்னைப் பற்றி வெளிவந்துள்ள கேவலமான பிரசுரம் தங்கள் கண்ணில் பட்டிருக்கும். அதை அச்சிட்ட அயோக்கியன் யார் என்று தங்கள் தொழில் வட்டாரத்தில் விசாரித்துச் சொல்ல முடியுமா?

எழுதியவன் சாதாரண ஆள் அல்லன். ஆக்ஸ்போர்டிலோ சட்டக் கல்லூரியிலோ படித்தவனாக இருக்க வேண்டும். வாக்கியத்தை எங்கே வெட்டுவது என்று தெரிந்தவன். நான் குடித்துவிட்டுத் தள்ளாடினேன் என்கிறான். என் வாழ்நாளில் நான் அழுதது மிகக் குறைவு. அந்தப் பக்கத்தைப் படித்தபோது அழுதேன்.

இதற்கு மறுப்பு எழுதும்படி டாக்டர் லவிபாண்ட் பணித்திருக்கிறார். வாக்கெடுப்புக்கு முன் வெளிவர வேண்டுமாம். நல்லவிதமாக எழுதினால் எனக்கென்று ஒரு கோயில், நிரந்தரமான ஒரு பங்கு கிடைக்கலாம் என்று குறிப்பாகச் சொன்னார். பதினான்கு வருடம் இன்னொருவருடைய கோயிலில் உதவியாளாக இருந்துவிட்டேன். எழுதத் தொடங்கிவிட்டேன்.

தங்கள் ஊழியன்,
ஆம்ப்ரோஸ் விட்லோ

*

கோம்ப் ஃபெரின்,
19 ஜனவரி 1790

சைலஸ்,

மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் இல்லை. தபால் வண்டி வாரத்துக்கு இரண்டு முறை வருகிறது. ஆறு முறை போய் நின்றேன்.

ஹானா ரொட்டியும் கம்பளியும் எடுத்துக்கொண்டு பதினெட்டு மைல் நடந்து போய்த் திரும்பினாள். ஜேபஸுக்கு இருமல். காலில் விலங்கு உரசிப் புண்.

எழுதினாயா இல்லையா?

டாமரிஸ்

*

லண்டன்,
2 பிப்ரவரி 1790

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னி. ரூத்துக்கு மறுபடி இருமல் வந்து, இப்போது பரவாயில்லை. அத்தானின் கடிதமும் வந்தது. என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை, எழுதவில்லை.

உன் கடிதத்தைக் கமிட்டியில் வைத்தேன். ஒரு மணி நேரம் பேசினார்கள். முடிவைச் சொல்கிறேன், கோபப்படாமல் படி. வாக்கெடுப்பு மார்ச் இரண்டாம் தேதி. அதற்கு முன்னால், நாடே படித்த அந்தக் கடிதத்தை எழுதியது ஒரு கனவான் அல்ல, கணவனோடு மனஸ்தாபம் கொண்ட ஒரு பெண் என்று தெரிந்தால் எதிரிகள் என்ன செய்வார்கள்? ஒரே வாரத்தில் கேலிச்சித்திரம் வரும். நூறு வருடக் கோரிக்கை ஒரு பெண்டாட்டி புருஷன் சண்டையாகிவிடும். தலைவர் சொன்னார்: "பாவம்தான் அந்த மனுஷன். ஆனா உள்ளே இருந்தா நமக்கு நல்லதுதான். சட்டத்தோட லட்சணத்தை நாடு பார்க்கட்டும்." ஜேபஸ் பெயரில் நிதி திரட்டுகிறார்கள்.

மார்ச் இரண்டு முடியட்டும். மூன்றாம் தேதி காலையில் நானே எழுதுகிறேன்.

இன்னொன்றும் கேட்கவேண்டும். என்மேல் இவ்வளவு கோபப்படுகிறாயே, நீ ஏன் இன்னும் அத்தானிடம் சொல்லவில்லை? ஒரே வீட்டில்தானே இருக்கிறீர்கள்.

சைலஸ்

*

கோம்ப் ஃபெரின்,
15 பிப்ரவரி 1790

சைலஸ்,

எல்லாரும் உயிரோடு இருக்கிறோம்.

உன் தலைவர் பேசியதை இரண்டு முறை படித்தேன். ஹாலெட்டுக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம் என்று தேடினேன். ஹாலெட் முயல் கொண்டுவருவார். அவ்வளவுதான்.

புதன்கிழமை நான் ஹாலெட் வீட்டுக்கே போனேன். நான்தான் எழுதினேன் என்று சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"நீங்களா?" என்றார். பிறகு சிரித்தார். "நல்ல மனசும்மா உங்களுக்கு. ஹானா வந்து அழுதாளா?"

"நான் சத்தியம் செய்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள்."

"என்னன்னு எழுதறது? உங்க வீட்டுக்காரர் பொய்ச் சான்றிதழ் குடுத்தார்னா? புருஷனுக்கு எதிரா பொண்டாட்டி சாட்சி சொல்ல சட்டத்துல இடமே கிடையாதும்மா. நீங்க பைபிளைத் தலையில வச்சுக்கிட்டு சொன்னாலும் அது வெறும் காத்து. வீட்டுக்குப் போங்க. இதைப் பாதிரியார் காதுல நான் போடல. அந்த மனுஷன் நல்லா இருக்கட்டும்."

உண்மை என்று அவருக்குத் தெரியும், சைலஸ். கத்தியைக் கீழே வைத்த விதத்தில் தெரிந்தது. அவருக்கு ஜேபஸ் உள்ளே இருக்க வேண்டும், உன் கமிட்டிக்கும் ஜேபஸ் உள்ளே இருக்க வேண்டும். இரண்டு கட்சியும் ஒத்துப்போன விஷயம் இந்த நூறு வருடத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஆம்ப்ரோஸின் மறுப்பு முடிந்துவிட்டது. நாற்பத்தாறு பக்கம், முப்பத்தொரு அடிக்குறிப்பு. வழக்கம்போல் அதை அச்சுக்குப் படியெடுத்தது நான். அச்சகத்துக்காரர்களுக்கு அவர் கையெழுத்து புரியாது, என்னுடையது புரியும். உன் பிரசுரத்தை எழுதியவன் "சாக்கடையோரத்து வாடகைப் பேனா" என்று ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. அழகாகவே எழுதினேன். இருபதாம் பக்கத்தில், சான்றிதழ் ஞாயிறு ஆராதனை முடிந்தபின் கோயில் பக்க அறையில் எழுதப்பட்டது, அறையில் மூன்று பேர் இருந்தோம் என்று இருக்கிறது. அதையும் எழுதினேன். சனிக்கிழமை டாக்டர் லவிபாண்டின் ஆள் வந்து படியெடுத்த தாள்களை வாங்கிக்கொண்டு போனான்.

உன் கேள்விக்கு இப்போது பதில் இல்லை. இனி உன்னிடம் எதுவும் கேட்கவும் மாட்டேன்.

டாமரிஸ்

*

லண்டன்,
5 மார்ச் 1790

அன்புள்ள அக்கா,

தோற்றோம். கேவலமாகத் தோற்றோம், இருநூற்றுத் தொண்ணூற்று நாலுக்கு நூற்றைந்து. பிரான்சில் நடப்பதைக் காட்டி, பீடத்தைத் தொட்டால் நாளை சிம்மாசனத்தைத் தொடுவார்கள் என்று பயமுறுத்திவிட்டார்கள். ரூத் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. உன் கடிதங்களை அவள் எடுத்துப் படித்துவிட்டாள்.

விற்காத தாள்கள் ஆறு கட்டு கிடக்கின்றன. மிட்டாய்க்கடைக்காரர் பொட்டலம் மடிக்க எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். கமிட்டி கலைந்துவிட்டது. தலைவர் குளிப்பதற்கு வெந்நீர் ஊற்றுக்குப் போய்விட்டார். ஜேபஸுக்கான நிதி எங்கே என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுகிறார்.

மூன்றாம் தேதி எழுதுகிறேன் என்றேன். உட்கார்ந்தேன். அக்கா, அச்சிட்டவன் நான் என்று எழுதிக் கொடுத்தால் ஜேபஸ் இருக்கும் இடத்துக்கு நான் போக வேண்டும். இரண்டு வருடம் என்கிறார் வக்கீல், முச்சந்தியில் கழுத்தைக் கட்டையில் மாட்டி நிறுத்துவதும் உண்டு. ரூத்தின் உடம்பு இருக்கும் நிலையில்... ஜேபஸ்மேல் போட்ட வழக்கு எடுபடாது என்றும் அவரே சொல்கிறார். கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போமா? உன் யோசனையை எழுது.

உன் தம்பி,
சைலஸ்

*

கோம்ப் ஃபெரின்,
30 மார்ச் 1790

சைலஸ்,

ரூத்துக்கு என் அன்பைச் சொல். அவள் பேசினால்.

ஜேபஸ் பிக்கிள் பதினெட்டாம் தேதி வெளியே வந்துவிட்டார். நீ எழுத வேண்டியதில்லை.

நான் செய்ததைச் சொல்கிறேன். பதினான்கு வருடமாக ஆம்ப்ரோஸ் எழுதும் எல்லாவற்றையும் நான் படியெடுக்கிறேன். பிரசங்கம், பேராயருக்குக் கடிதம், எல்லாம். ஒரு முறைகூட அவர் அதைத் திரும்பப் படித்ததில்லை. "நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்பார். முதல் சில வருடம் அது பாராட்டு என்று நினைத்திருந்தேன். அவருடைய மறுப்பில் முப்பத்தொரு அடிக்குறிப்பு என்று எழுதினேன் அல்லவா? நான் கொடுத்த படியில் முப்பத்திரண்டு. இருபதாம் பக்கத்தின் அடியில், "மூன்று பேர்" என்ற இடத்துக்கு ஒரு நட்சத்திரம் போட்டு எழுதினேன்:

"நான்கு பேர். இடம் கோயில் பக்க அறை அல்ல, எங்கள் வீட்டு முன்னறை. நாள் ஞாயிறு அல்ல, சனி. மெழுகுவர்த்தி பிடித்தவள் நான். இங்கே மறுக்கப்படும் கடிதத்தை எழுதியவளும் நானே. என் தம்பிக்கு எழுதினேன். குடித்துத் தள்ளாடினார் என்பது பிறர் சேர்த்த பொய். ஜேபஸ் பிக்கிள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. டாமரிஸ் விட்லோ, நூலாசிரியரின் மனைவி."

வாக்கெடுப்புக்கு முன்னால் வர வேண்டும் என்ற அவசரத்தில் டாக்டர் லவிபாண்ட் பிழை பார்க்கவில்லை. எழுத்துக் கோக்கிறவன் தாளில் இருப்பதைக் கோத்தான், உனக்குத் தெரியாததா! பேராயர் முத்திரையோடு முந்நூறு படி, மாவட்டத்தின் எல்லாக் கோயில்களுக்கும் போனது. அரசுத் தரப்பே தன் ஆதாரமாக அதை நீதிமன்றத்தில் கொடுத்திருந்தது. நடுவர் குழுவில் இருந்த ஒரு குதிரை வியாபாரி இருபதாம் பக்கத்தைப் படித்துவிட்டு, "எழுதினவங்க பேரு இங்கயே இருக்கே, இந்த ஆளை எதுக்கய்யா கட்டி வச்சிருக்கீங்க?" என்று கேட்டாராம். என்மேல் வழக்குப் போட்டால் ஆம்ப்ரோஸையும் சேர்க்க வேண்டும். முத்திரை போட்டவர்களையும் யாராவது கேள்வி கேட்பார்கள். விட்டுவிட்டார்கள். உன் பெயரை நான் எழுதவில்லை. அது உனக்காக அல்ல. அந்தப் பக்கத்தில் இடம் அவ்வளவுதான் இருந்தது.

ஜூன் இருபத்திநாலுக்குள் குருமனையைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. நிரந்தரப் பங்கு என்ற பேச்சு இனி இல்லை. ஆம்ப்ரோஸ் மூன்று நாள் தன் அறையிலேயே சாப்பிட்டார். நாலாம் நாள் சாப்பாட்டு மேசையில் கேட்டார்:

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, டாமரிஸ்?"

"சொன்னேன். படியை உங்க மேசையில வச்சேன். ரெண்டு நாள் அங்கதான் கிடந்தது. நீங்க பிரிக்கல."

அவர் எழுந்து போய்விட்டார். நீ கேட்டாயே, ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று. பயம்தான், சைலஸ். வேறு எதுவும் இல்லை. ஹானா கும்பிட்டபோது அவள் முன்னால் நின்றதும் அந்தப் பயத்தோடுதான். ஜேபஸ் சிறையில் கிடந்த எண்பத்தாறு நாளில் என் பங்கு எத்தனை நாள் என்று நான் கணக்குப் பார்க்கிறேன். உன் பங்கை நீ பார்.

நேற்று ஜேபஸ் பின்வாசலுக்கு வந்தார். ஆளே பாதியாகியிருந்தார். வேலையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நன்றி சொல்ல வந்தேன்னு நினைச்சுக்காதீங்கம்மா" என்றார்.

"நான் நினைக்கல."

"ஜெயில்ல ஒரு ஆள் அதை முழுசாப் படிச்சுக் காட்டினான். என் கை நடுங்கினது, தாடியில ஒயின் வழிஞ்சது, எல்லாம். மொத்தக் கூட்டமும் சிரிச்சுது. ராத்திரி சாப்பாட்டு நேரத்துல ஒவ்வொருத்தனும் என்னை மாதிரி முட்டி போட்டுக் காட்டினான். அந்த ஞாயித்துக்கிழமை யாரும் பார்க்கக்கூடாதுன்னுதான் சுவத்துக்குப் பின்னாடி போனேன். நீங்க பார்த்துட்டீங்க. சரி, பார்த்தாப் பார்த்துட்டுப் போங்க. லண்டனுக்கு எதுக்கம்மா எழுதினீங்க?"

"கோபத்துல எழுதினேன், ஜேபஸ்."

"யாரோட கோபம்? உங்களோடதா, என்னோடதா?"

நான் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"சுங்கத்துல எழுதத் தெரியாதவனை எடுக்கமாட்டாங்கம்மா" என்றார். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே எழுதியிருப்பேன். இல்லேன்னா எழுதாம இருந்திருப்பேன்."

தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, வேலியோரமாகவே நடந்து போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். ரூத்தையும்.

டாமரிஸ்